கை மூடினாலும் விரல் ஓடும்

போன மாதம் ஓர் இளம் விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். பல்கலைக்கழகத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார்: பாண்ட் வாத்தியக் குழுவை நடத்துவது, கோல் பிடித்து இசையை வழிநடத்தக் கற்பிப்பது. பட்டமளிப்பு ஊர்வலத்துக்கு இனி ஒலிப்பதிவைப் போட்டால் போதும் என்று மேலே ஒரு கதை அடிபடுகிறதாம். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் யோசனை கேட்டவர், கடைசியில் வேறொன்றைக் கேட்டார்.

"சேர், ஒரு பாட்டை எங்கை நிப்பாட்டிறது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இசைத்தாளிலை முடிவுக்கோடு போட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ" என்றேன். எனக்கு முன்கோபம் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு அது குறைந்துவிட்டதாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அன்று மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தபோது, அரைத் தூக்கத்தில் எங்கள் பழைய பயிற்சி மண்டபம் வந்தது. இருபத்து மூன்று பேர் இருக்கிறார்கள். வாத்தியங்கள் உதட்டில் இருக்கின்றன. விரல்கள் ஓடுகின்றன. ஒரு சத்தமும் இல்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் கோர்னெட் என்ற சிறிய பித்தளை வாத்தியம் ஊதிப் பழகினேன். கொழும்பில் ஒரு பாண்டில் பத்து வருடம் வாசித்தேன். கோல் பிடிக்கவும் அங்கேதான் படித்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது, காற்சட்டைப் பைக்குள் கோர்னெட்டின் வாய்க்குழல் மட்டும் இருந்தது. கோர்னெட் இல்லை. அடையாள அட்டையை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தாய் என்று அம்மா நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது.

வாத்தியங்களில் பாதி, மிஷன் பள்ளிக்கூடங்கள் இரவல் தந்தவை. வாசித்தவர்களில் பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் ஊழியர்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர் டியூபா ஊதினார். தாவரவியல் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த செல்லையா அண்ணை பெரிய டிரம் அடித்தார். வருடம் முழுக்க எங்கெங்கோ வாசித்தாலும், எங்களைக் கட்டி மேய்ப்பதற்கு நிர்வாகம் சொன்ன ஒரே காரணம் பட்டமளிப்பு விழாதான்.

அந்த விழாவில் சபையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கடம் உண்டு. கோல் பிடிப்பவன் வாசிப்பவர்களைப் பார்த்து நிற்பான். ஊர்வலம் அவனுடைய முதுகுக்குப் பின்னால் வரும். வேந்தர் மேடையில் தான் அமரும் கதிரைக்கு முன்னால் போய் நிற்கிற கணத்தில் இசை முடியவேண்டும். ஆனால் அவர் எங்கே வருகிறார் என்பது கோல்காரனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தானோ, பாண்ட் குழம்பிவிடும்.

என் கண் செல்லையா அண்ணைதான். அவர் பின்வரிசையில் வாசலைப் பார்த்து நிற்பார். தலையை நிமிர்த்தி நாடியை உயர்த்தினால் ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. இடது கையை டிரம்மின் விளிம்பில் வைத்தால் பாதி வழி. அதே கையால், வியர்வை துடைப்பதுபோல, முகத்தை ஒருதரம் துடைத்தால் முடிக்கவேண்டும். அடுத்த வரி முடிகிற இடத்தில் நான் நிறுத்துவேன். சபையில் யாரும் சந்தேகப்படாத சைகையாக வேண்டும் என்று இரண்டு பேரும் யோசித்து எடுத்தது அது. இதில் அவருக்கு ஒரு தொல்லை: உண்மையான வியர்வையைத் துடைக்க அனுமதி இல்லை.

"சேர், மூக்கு நுனியிலை ஒரு துளி தொங்குது. என்ன செய்ய?"

"தொங்கட்டும். வேந்தர் இருந்தாப் பிறகு துடையுங்கோ."

சபை என்னைப் பார்த்துக் கைதட்டும். நான் குனிந்து வணங்குவேன். செல்லையா அண்ணை அப்போதுதான் சால்வையை எடுத்து முகம், கழுத்து எல்லாம் ஆசைதீரத் துடைப்பார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பதிவாளர் ஐயா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கையில் நிறுத்துகடிகாரம். விழாவுக்கு முதல் நாள் வெறும் மண்டபத்தில் வாசலிலிருந்து மேடைவரை தானே நடந்து பார்ப்பார். முதலில் வேந்தரின் நடை, பிறகு பேராசிரியர்களின் நடை. வேந்தருக்கு முழங்கால் நோ என்று கேள்விப்பட்ட வருடம் கொஞ்சம் நொண்டியும் நடந்தார். பிறகு ஒரு சிறிய கொப்பியில் நேரத்தைக் குறிப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழைவிட்டவனுக்கு முன்னால் கடிகாரத்தை நீட்டுவார், அவ்வளவுதான். இரண்டு தரம் எனக்கு நீட்டியிருக்கிறார். ஏச்சு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். அந்தக் கடிகாரத்தை மறக்க முடியவில்லை.

தொண்ணூறில் போர் மறுபடி மூண்டு மின்சாரம் போனது. அது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. பகலில்தான் பயிற்சி. கஷ்டம் வேறு. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஊதினால் குண்டு போடுகிற பொம்பர் விமானம் வருகிற சத்தம் கேட்காது. பெரிய டிரம்மை அடித்தாலோ, ஷெல் விழுகிறது என்று அயலில் இருப்பவர்கள் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் ஓடினார்கள். ஒருநாள் மதிலுக்கு அப்பால் இருந்த பெண்மணி மண்டப வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், விடிஞ்சதிலை இருந்து மூண்டு தரம் பங்கருக்குள்ளை இறங்கி ஏறியிட்டன். என்ரை கோழியும் அடையை விட்டு எழும்பியிட்டுது. உந்த மேளத்தை நிப்பாட்டுறியளோ, இல்லாட்டி முட்டைக்கு மேலை நீங்கள் வந்து இருக்கிறியளோ?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது நியாயம். இனி எங்கே, எப்படிப் பழகுவது? பாண்டைக் கலைத்துவிடலாம் என்றே அன்று நினைத்தேன்.

கலையாமல் காப்பாற்றியவன் ரவி. உரும்பிராய்க்காரன். விஞ்ஞான பீடத்தில் படித்தான். இரண்டாம் வரிசையின் ஓரக் கதிரையில் இருந்து கிளாரினெட் ஊதினான். என் கோல் வகுப்புக்கும் வந்தான். வகுப்பில் என்னோடு எதிர்த்துக் கதைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

"சேர், ஊதாமல் வாசிப்பம்" என்றான்.

"விசரே உனக்கு? ஊதாமல் என்னத்தை வாசிக்கிறது?"

"விரலை மட்டும் ஓட விடுவம் சேர். நீங்கள் கோலைப் போடுங்கோ. இடையிலை ஒரு வரியை மட்டும் மெல்லமா ஊதிப் பாப்பம். எல்லாரும் ஒரே இடத்திலை இருந்து ஊதினா, ஊதாத நேரமும் பாட்டு நடந்திருக்கு எண்டுதானே அர்த்தம்?"

மறுநாளே சட்டம் போட்டோம். நான் இடது கையை மூடினால் சத்தம் நிற்கும், விரல் நிற்கக்கூடாது. கையை விரித்து உயர்த்தினால் சத்தம் திரும்பி வரும். கோலை மேசையில் வைத்தால்தான் பாட்டு முடிந்தது. அதுவரை என்ன நடந்தாலும் விரல் ஓடவேண்டும்.

முதல் வாரம் கொடிகாமம் சந்தைதான். கையை விரித்தால் ஆளுக்கொரு விலை கூவினார்கள். டியூபாக்காரர் இரண்டு வரி முந்திப் போய்விட்டு, மற்றவர்கள்தான் பிந்திவிட்டார்கள் என்று சண்டை பிடித்தார். ஆனால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அது பிடிபட்டது. அந்தப் பின்னேரங்களை எப்படிச் சொல்வது? வெளியே மாமர நிழல் மெல்ல நீண்டு யன்னலுக்குள் வரும். உள்ளே வால்வுகளின் டக் டக் சத்தமும், கிளாரினெட் சாவிகள் மூடித் திறக்கிற சத்தமும், மூச்சு எடுக்கிற சத்தமும் மட்டும் இருக்கும். ஒரே நேரத்தில் எல்லாத் தாளும் புரளும். செல்லையா அண்ணை தோலில் படாமல் காற்றில் டிரம் அடிப்பார். நான் கோலைப் போட்டுக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு எல்லாம் கேட்கத் தொடங்கும். கோர்னெட்டுகள் மேலே ஏறுவதும், கீழே டியூபா நடப்பதும் காதுக்குள் அப்படியே கேட்கும். கையை விரிப்பேன். உள்ளே கேட்டதும் வெளியே கேட்பதும் ஒன்றாக இருக்கும். என் ஆயுளில் அதைவிட நல்ல வாசிப்பை நான் கேட்டதில்லை. ஐயோ, அந்தச் சுகம்!

ரவி இறுதிப் பரீட்சை எழுதினான். பெறுபேறு வருவதற்கு முன் ஒருநாள் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் ஷெல் விழுந்து செத்துப்போனான். இதை நீட்டி எழுத எனக்கு மனம் இல்லை. பெறுபேறு வந்தபோது நல்ல வகுப்பில் சித்தியடைந்திருந்தான். அவனுடைய கிளாரினெட்டைச் செல்லையா அண்ணை துடைத்து, தாவரவியல் அலுமாரியில் காய்ந்த இலைகளோடு வைத்துப் பூட்டினார். ஓரக் கதிரையை நாங்கள் எடுக்கவில்லை. வேறு யாரும் அதில் இருக்கவும் இல்லை.

விழா நெருங்கியபோது பதிவாளர் ஐயாவிடம் போனேன். இறந்தவர்களின் பெயரைச் சமுகமளிக்காதோர் பட்டியலில் சேர்த்து வாசிப்பதுதான் வழக்கம்.

"ஐயா, அவன்ரை தாயைக் கூப்பிடவேணும். அவ மேடைக்கு வந்து வாங்கவேணும்" என்றேன்.

"நிகழ்ச்சிநிரலிலை அதுக்கு இடமில்லை, மாஸ்டர்."

"இடம் எடுங்கோ ஐயா. வராத ஆக்களோடை அவன்ரை பேரை வாசிச்சா நான் கோல் தூக்கமாட்டன்."

என் முன்கோபம் எனக்கு நன்மை செய்த சில தருணங்களில் அது ஒன்று. அவர் பேனாவை எடுத்தார். கொப்பியைத் திறந்தார். "எல்லாப் பேரும் வாசிச்சு முடிய, கடைசியிலை. ரண்டு நிமிசம். அதுக்கு மேலை ஒரு செக்கனும் இல்லை."

உரும்பிராய்க்குச் சைக்கிளில் போனேன். ரவியின் தாய் பாக்கியம் அம்மா வெங்காயத் தறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். கணவன் முன்னமே காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை ரவி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கையெல்லாம் மண், முழங்கையால் முந்தானையைத் தள்ளிச் சரிசெய்தார்.

"நான் வரேல்லை தம்பி. அவ்வளவு படிச்ச சனத்துக்கு முன்னாலை எனக்கு நடக்கத் தெரியாது. எங்கை போறது, எங்கை நிக்கிறது? பிழையா ஏதும் செய்துபோட்டா என்ரை பிள்ளைக்குத்தானே அவமானம்?"

"ஒண்டும் யோசிக்காதேங்கோ அம்மா. நாங்கள் வாசிப்பம். பாட்டுக் கேக்கும் மட்டும் நேரை நடவுங்கோ. பாட்டு நிக்கிற இடத்திலை நில்லுங்கோ. உங்களுக்கு முன்னாலை வேந்தர் நிப்பார். கையை நீட்டி வாங்கிறதுதான்."

"பாட்டு இடையிலை நிக்காதோ?"

"நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

இன்னொரு பிடி புல்லைப் பிடுங்கி எறிந்தார். "அவன் எந்தப் பக்கம் இருந்து ஊதுறவன்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓம், அப்ப வாறன்" என்றார்.

விழா நாள் காலை பதிவாளர் ஐயா மண்டபத்தில் கடைசியாக ஒரு நடை நடந்தார். சிறிய அடிகள், தலை குனிந்து, மெல்ல. அது யாருடைய நடை என்று எனக்கு உடனே விளங்கியது. பாக்கியம் அம்மாவை அவர் கண்டதே இல்லை.

பெயர்கள் எல்லாம் வாசித்து முடிந்தன. கடைசியாக ரவியின் பெயர். நான் மூச்சு எடுத்துக் கோலை உயர்த்தினேன். செல்லையா அண்ணையின் நாடி உயர்ந்தது. அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது செல்லையா அண்ணையின் முகம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அவருடைய இடது கை டிரம்மின் விளிம்புக்கு வந்தது. பாதி வழி. எல்லாம் சரி. அடுத்த வரியைத் தொடங்கினோம். உடனேயே அந்தக் கை விளிம்பிலிருந்து எழும்பி முகத்தைத் துடைத்தது.

இவ்வளவு கெதியாகவா வந்துவிட்டார் என்று மனம் கேட்டது. ஆனால் பல வருடப் பழக்கம். வரி முடிந்தது. கையை மூடினேன். இசை நின்றது.

கோலை மேசையில் வைக்கப் போனேன். அப்போதுதான் செல்லையா அண்ணையின் கண்களைப் பார்த்தேன். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் துடைத்தது அதைத்தான். தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். வாய் மட்டும் அசைந்தது: "பாதிதான் சேர்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, பாட்டு முடியுமுன்னே பாண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். நடு மண்டபத்தில் பாக்கியம் அம்மா தனியாக நின்றார். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான சனம். மேடையில் வேந்தர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா நான் சொன்னபடியே செய்திருந்தார். பாட்டு நின்றது, அவரும் நின்றுவிட்டார். கையை நீட்டுவதா விடுவதா என்று விரல்கள் முந்தானையைப் பிடித்திருந்தன. எங்கோ ஒருவர் இருமினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. நான் பொறுப்பு என்று வெங்காயத் தறையில் சொன்னவன் நான்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். வால்வுகள். கிளாரினெட் சாவிகள். ஒரு தாள் புரண்டது.

நான் கையை மூடியிருந்தேன். கோலை மேசையில் வைக்கவில்லை. அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்தபடி, வாத்தியம் உதட்டில் இருக்க, விரலை ஓடவிட்டிருந்தார்கள். செல்லையா அண்ணை அழுதுகொண்டே காற்றில் டிரம் அடித்தார். பாட்டு எங்கே நிற்கிறது என்று எனக்கும் உள்ளே கேட்டது. கையை விரித்து உயர்த்தினேன். அத்தனை பேரும் ஒரே இடத்திலிருந்து ஊதினார்கள். ஒரு வாத்தியம் முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. செல்லையா அண்ணையின் முகத்தில் அம்மா மறுபடி நடக்கத் தொடங்கியது தெரிந்தது. இந்த முறை அவர் கடைசிவரை கையை எடுக்கவே இல்லை. கண்ணீர் நாடியில் வடிந்து சட்டையில் விழுந்தது. வேந்தருக்கு முன்னால் அம்மா போய் நின்ற பிறகே முகத்தைத் துடைத்தார். நான் கோலை மேசையில் வைத்தேன்.

விழா முடிந்ததும் பதிவாளர் ஐயா நேரே என்னிடம் வந்து கடிகாரத்தை நீட்டினார். குனிந்து பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு செக்கன் குறைவாகவே காட்டியது.

"ஐயா, இடையிலை நிண்ட நேரம்?"

"பாட்டு வாசிச்ச நேரத்துக்குத்தான் எனக்குக் கணக்கு, மாஸ்டர். நிண்ட நேரத்துக்கு நானும் கடிகாரத்தை நிப்பாட்டியிட்டன்." முதல் தடவையாக அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

செல்லையா அண்ணை டிரம்முக்குப் பின்னால் இருந்து எழும்பவில்லை. "என்னை மன்னியுங்கோ சேர். அந்த ஓரக் கதிரை கண்ணிலை பட்டுது, அவவும் வாறா, கை தன்ரைபாட்டிலை முகத்துக்குப் போயிட்டுது" என்றார். ஏச வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்துவிட்டேன். அம்மாவைத் தேடிப் போனபோது அவர் போய்விட்டார் என்றார்கள். பிழை எங்களுடையது என்று சொல்ல உரும்பிராய்க்குப் போகவேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். வெட்கம் விடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கிவர, ஊரே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை தூறியது. பொழுது விடிந்து நெடுநேரமாகியும் கொடிகாமம் வரவில்லை. ஒரு அடி வைத்தால் நாலு நிமிடம் நிற்கவேண்டும், அப்படிச் சனம். நான் ஒரு கோர்னெட் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மற்ற வாத்தியங்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். பொலித்தீனால் சுற்றிய ஒரு சுருள் அவருடைய துணிப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் பாக்கியம் அம்மா என்று தெரிந்துகொண்டேன்.

அவரும் என்னைத் தெரிந்துகொண்டார். "இண்டைக்குப் பாட்டு இல்லை தம்பி. எங்கை நிக்கிறது எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தச் சனத்துக்குள் நடந்துகொண்டே அவ்வளவு காலமும் சொல்லாததைச் சொன்னேன். டிரம்காரர் அழுததை, நான் ஏமாந்ததை, பிழை முழுக்க எங்களுடையது என்பதை. பிறகு கை மூடினாலும் விரல் ஓடுகிற சட்டத்தைச் சொன்னேன். அவர் நடுவில் நின்ற நேரம் முழுக்கப் பிள்ளைகள் ஊதாமல் வாசித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அதைக் கண்டுபிடித்தவன் ரவி என்பதையும் சொன்னேன்.

அவர் நீட்டிக்கொண்டிருந்த சுருளைப் பைக்குள் இறுக்கித் தள்ளினார். முன்னால் சனம் கொஞ்சம் அசைந்தது.

"அப்ப அண்டைக்கு நான் நிண்ட நேரமும் அவன்ரை பாட்டு நடந்துகொண்டுதான் இருந்திருக்கு."

"ஓம் அம்மா."

"நான்தான் நிண்டிட்டன்" என்றார். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.